இரண்டாவது எஞ்சின்

மார்ச் 4, 2014. செவ்வாய். கோரோகா விமானத்தளம்

பழைய இரட்டை எஞ்சின் விமானம் இன்று காலை போய்விட்டது. பிலிப்பைன்ஸில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். அது கிளம்புமுன் வாகி அண்ணன் இரண்டு எஞ்சின்களையும் ஒரு தட்டுத் தட்டி, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு, "போடி கெழவி" என்றார். இருபத்திரண்டு வருஷம் அதைப் பழுது பார்த்த தலைமை மெக்கானிக். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. கடற்கரைக்காரர்களுக்கு எங்கள் மலைக்காரர்களைப் போல ஊரைக் கூட்டி அழ வராது.

இனி நமக்குப் புது ஒற்றை எஞ்சின் விமானம்தான். மூக்கில் ஒன்றே ஒன்று. வேலிக்கு வெளியே நின்ற யாவிமோ பள்ளத்தாக்கு ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இன்னொண்ணு எப்ப வந்து மாட்டுவீங்க?" என்றார்.

என் வேலை அப்படியேதான் இருக்கிறது. காலையில் ரேடியோ. மத்தியானம் பைலட்டுகள் எழுதித் தரும் தாளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுவது.

புது விமானத்தைத் தம்பு ஓட்டப்போகிறார். என் தங்கை வெரோவின் கணவர். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தால் வந்த உறவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தம்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கும் நான் தம்புதான். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கை வரவில்லை. என் நோட்டு, நான் மட்டுமே படிப்பது, இருந்தும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

புது விமானத்துக்குப் பயிற்சி என்று வாகி அண்ணன் எல்லோரையும் கொட்டகையில் உட்காரவைத்தார்.

"ரெண்டு எஞ்சின்னா பத்திரம்னு எவன் சொன்னான்? ரெண்டு பொண்டாட்டி கட்டுனவனக் கேளுங்க, மலைக்காரங்களுக்குத் தெரியாததா! ஒருத்தி படுத்துக்கிட்டா இன்னொருத்தி தூக்கிச் சொமப்பான்னு நெனப்பான். அவ தன் பக்கமாத்தான் இழுப்பா. பத்தாயிரம் அடியில முழுச் சொமையோட ஒண்ணு நின்னுச்சுன்னா, மிச்சமிருக்கறது வண்டியப் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போயி மலையில சாத்தும். ஏறவும் ஏறாது. அந்த மாதிரி விழுந்த வண்டி ரெண்ட நானே பொறுக்கி எடுத்துருக்கேன்."

பைலட்டுகள் சிரித்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஒண்ணே போதும்னு சொல்றீங்களா அண்ணே?"

"போதும்னு சொல்லல. கேளு தங்கச்சி. ரெட்டையில ரெண்டு முள்ளும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒண்ணுக்குச் சூடு ஏறுனா இன்னொண்ணு காட்டிக் குடுத்துரும், சக்களத்தி மாதிரி. ஒத்தையில யாரு காட்டிக் குடுப்பா? நேத்து எழுதுன எண்ணுதான். மேல போயி, வண்டி சமமா அஞ்சு நிமிஷம் ஓடுனப்புறம், பைலட் முள்ளுங்களப் பாத்து எழுதணும். சூடு எவ்ளோ, சுத்து எவ்ளோ, எரிபொருள் எவ்ளோ, வெளிய குளிரு எவ்ளோ. தெனம் ஒரு தடவ. நீ அத ஏத்தணும். ஆஸ்திரேலியாவுல ஒக்காந்து பாக்குறவனுக்குக் கோடு மயிரிழை ஏறுனாலும் தெரிஞ்சிரும். இந்த எஞ்சின் சொல்லாமச் சாகாது. சொல்றத எழுத ஆள் வேணும். ஒன் காகிதந்தான் இதுக்கு ரெண்டாவது எஞ்சின்."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பெருமையாக இருந்தது. பதினொரு வருஷத்தில் என் வேலையை யாரும் எஞ்சின் என்று சொன்னதில்லை. பெரும்பாலும் "அந்தத் தாளெழுதுற பொம்பள" என்பார்கள்.

மார்ச் 12, புதன்

யாவிமோவுக்குப் போன ஒற்றை எஞ்சின் காலியாகத் திரும்பியது. ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். "ஒத்த மூக்குல மூச்சடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்தே வருகிறார்களாம். நான்கு நாள் நடை, இரண்டு ஆறு.

மார்ச் 15, சனி

தம்பு இன்று வெரோவையும் குழந்தை சினாவையும் பின்சீட்டில் உட்காரவைத்து யாவிமோவுக்கு ஓட்டிப் போனார். அது அவர் பிறந்த ஊர். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த முதல் பைலட் அவர்தான். புல் ஓடுதளத்தில் இறங்கி, மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் பேசினாராம். வெரோ வந்து நடித்துக் காட்டினாள்: "எம் பொண்டாட்டி இதுல, எம் புள்ள இதுல. ஒங்க சீனிக்கிழங்கு மூட்டைக்கு மட்டும் ரெண்டு எஞ்சின் கேக்குதோ?"

கிழவிகள் சிரித்தார்கள். ஒன்பது பேர் ஏறினார்கள்.

என் தங்கைக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். எனக்கு வாய்த்தவன் கடற்கரைப் பக்கம் லாரி ஓட்டப் போய் அங்கேயே வேறொருத்தியிடம் நின்றுவிட்டான். பொறாமை இல்லை. இருக்கிறது, கொஞ்சம்.

ஏப்ரல் 2, புதன்

முதல் மாத எண்கள். சூடு 680, 684, 679, 682. கோடு குளத்துத் தண்ணீர் போல இருக்கிறது. தம்பு தாளை என் கையில் தரமாட்டார். மேசை மூலையில் வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "தம்பு, இன்னைக்குத் தாளு" என்பார். நானும் ஜன்னலைப் பார்த்து "சரி தம்பு" என்பேன். வெள்ளைக்காரத் தலைமை பைலட் எங்களுக்குள் சண்டை என்றே நினைத்திருக்கிறார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காப்பிப் பருவம் தொடங்கிவிட்டது. மேகம் மூடுவதற்குள், மத்தியானத்துக்கு முன்பே, பன்னிரண்டு பதினான்கு தரையிறக்கம். மூட்டையை இறக்கு, ஆளை ஏற்று, மறுபடி கிளம்பு. முன்பு இரண்டு எஞ்சின் சுமந்ததை இப்போது ஒன்று சுமக்கிறது. தம்புவின் கண் சிவந்து கிடக்கிறது.

மே 8, வியாழன்

தாளில் நேற்றைய எண்களே இருக்கின்றன. சூடு, சுற்று, எரிபொருள் எல்லாம் அப்படியே. தற்செயல் என்று விட்டிருப்பேன். ஆனால் வெளிக்குளிரும் நேற்றைய ஆறு டிகிரியே. நேற்று வெயில். இன்று காலை யாவிமோவில் ஆலங்கட்டி மழை, நானே ரேடியோவில் கேட்டேன்.

எனக்குப் புரிகிறது. பத்து நிமிஷப் பறப்பில் ஏறி இறங்கவே நேரம் சரியாகிவிடுகிறது. ஐந்து நிமிஷம் சமமாக எங்கே ஓட்டுவது? கண் மேகத்தில் இருக்க வேண்டும், தாளில் அல்ல.

மே 9, வெள்ளி

மூன்றாம் நாளும் அதே எண்கள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஒரே வரிசை மூன்று முறை வந்தால் சிவப்பு காட்டித் தள்ளிவிடும். அப்படி வந்தால் தாளைப் பைலட்டிடமே திருப்பிக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி.

எப்படிக் கேட்பது? வேறு பைலட்டாயிருந்தால் தாளை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். தம்புவிடம் "இது பொய்" என்று நான் சொன்னால், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழுவப் பன்றி வெட்ட வேண்டும். வெரோ என் முகத்தில் விழிக்கமாட்டாள். வாகி அண்ணனிடம் தாளைக் கொடுத்தாலும் அதேதான். எழுதினவர் யார், கொண்டுவந்தவள் யார் என்று கொட்டகை முழுக்கத் தெரிந்துவிடும்.

682ஐ 683 ஆக்கினேன். ஆறு டிகிரியை நான்கு ஆக்கினேன். பச்சை வந்தது.

ஒரே ஒரு நாள்தானே.

மே 20, செவ்வாய்

ஒரு நாள் இல்லை. அதற்குப் பிறகு தாளில் புது எண் வந்தது மூன்றே நாள்தான். மற்றதெல்லாம் அவர் பழையதை எழுதுகிறார், நான் அதற்குப் புதுச்சட்டை போட்டுவிடுகிறேன். கை பழகிவிட்டது. எவ்வளவு ஏற்றினால் இயல்பாக இருக்கும், எப்போது ஒன்று குறைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. திருட்டும் ஒரு தொழில்தான் போலிருக்கிறது.

வாகி அண்ணன் இன்று வாசலிலிருந்தே கேட்டார்: "ஒன் எஞ்சின் எப்படி ஓடுது தங்கச்சி?"

"நல்லா ஓடுது அண்ணே."

மே 27, செவ்வாய்

ஆஸ்திரேலியாவில் எண்களைப் பார்க்கிறவர்களிடமிருந்து கடிதம். எங்கள் எண்கள் மிக ஒழுங்காக இருக்கின்றனவாம். ஆகவே எஞ்சின் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் நாளை இன்னும் நானூறு மணி நேரம் பறக்கும் வரை தள்ளிவைக்கலாமாம். தலைமை பைலட் கடிதத்தைச் சுவரில் ஒட்டினார். "வெல் டன், நோரின்" என்றார்.

நான் சிரித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

வெரோ வீட்டில் குழியடுப்பில் சமையல். வாழையிலையும் சுட்ட கல்லும் போட்டு மூடிவிட்டுப் புகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். தம்பு எங்களுக்கு முதுகு காட்டிக் கல்லை நகர்த்தியபடியே பேசினார். என்னிடம் அல்ல, பொதுவாக, கல்லிடம் சொல்கிறவரைப் போல.

"கொஞ்ச நாளா சூடாத்தான் ஓடுது. எழுநூத்தி இருபத்தஞ்சு காட்டுது. சுத்துகூடக் கொஞ்சம் கொறைஞ்சுருக்கு. எல்லைக்குள்ளதான் இருக்கு, பரவால்ல. பருவம் முடியட்டும், பாத்துக்கலாம்."

எழுநூற்று இருபத்தைந்து. வெள்ளியன்று நான் ஏற்றியது 684.

சூடு ஏறி, சுற்று மட்டும் குறைந்தால் உள்ளே தகடு தீய்கிறது என்று அர்த்தம். வாகி அண்ணன் கரும்பலகையில் எழுதிக் காட்டியது. என்னிடம் எதற்குச் சொன்னார்? சொன்னாரா, இல்லை சும்மா பேசினாரா? நான் செய்வது அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான், இவள் பார்த்துக்கொள்வாள் என்று—

நாளை வாகி அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கமாவது மண்ணாவது.

ஜூன் 2, திங்கள்

வாகி அண்ணனின் அம்மா நேற்றுத் தவறிவிட்டாராம். முதல் விமானத்தில் தலைநகருக்குப் போய்விட்டார். காரியமெல்லாம் முடித்து வர ஒரு மாதமாவது ஆகும். அவருடைய மேசையில் பாக்குத் தோலும் சுண்ணாம்பு டப்பாவும் கிடக்கின்றன.

தலைமை பைலட்டிடம் போகலாம். கதவு வரை போனேன். உள்ளே சுவரில் அந்தக் கடிதம். "வெல் டன்." திரும்பிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

முறைப்படி மனைவி வழியாகக் கேட்கலாமே என்று வெரோவைச் சந்தையில் பிடித்தேன். பிலும் என்கிற பின்னல் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கீரை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெரோ, எஞ்சின் சூடாகுதுன்னு அவரையே எழுதிக் குடுக்கச் சொல்லு. ஒரே ஒரு நாளு உண்மையான எண்ண எழுதட்டும்."

"உண்மையான எண்ணுன்னா? அப்ப இத்தன நாளும் என்ன எழுதுனாரு?"

நான் குனிந்து கீரை பொறுக்கத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அவரு மேல போறவரு. நீ கீழ ஒக்காந்து தாளு பாக்குறவ. வண்டியக் கொட்டகையில போட்டுட்டா யாவிமோக் காப்பி மழையில ஊறிப் போகும். ஊரே அவர் மூஞ்சியில துப்பும். ஒத்த எஞ்சின நம்புங்கன்னு எங்களக் காட்டித்தான் சொன்னாரு, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இன்று தாளில் 682. நான் 681 என்று ஏற்றினேன்.

ஜூன் 19, வியாழன்

9.41. மூன்று கல் என்கிற ஆற்று வளைவு. ஏழு பேர்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியாது. ஆனாலும் எழுதுகிறேன், வேறென்ன செய்ய.

ரேடியோவில் நான்தான் இருந்தேன். அவர் குரலில் பதற்றமே இல்லை. "எஞ்சின் போச்சு. ஆத்துக்கு எறக்குறேன். தம்பு, எழுதிக்கோ." பிறகு நேரம், இடம், எத்தனை பேர் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எழுதினேன். நான் திரும்ப வாசித்துக் காட்டியபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இந்த மாதம் அவர் சொல்லி நான் மாற்றாமல் எழுதிய முதல் எண் அது.

ஆற்று மணலுக்கு இருநூறு அடி முன்னால் பாறையில் தட்டியிருக்கிறது. மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான்கு பேர் இல்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர், காப்பி விற்கப் புறப்பட்ட பெண்கள் இருவர், தம்பு.

வெரோ இன்னும் அழவில்லை. "எத்தன மணிக்குத் திரும்புவாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

அழுகை வீடு. தார்ப்பாய் கட்டி, எல்லோரும் உடம்பில் களிமண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் தெருமுனையிலேயே ஓலமிட்டுக்கொண்டு வருகிறார்கள். பிழைத்த மூவரில் ஒருவரான அந்தக் கிழவர் — "இன்னொண்ணு எப்ப மாட்டுவீங்க" என்று கேட்டாரே, அவர்தான் — கையில் கட்டோடு வந்து பெட்டியின் மேல் விழுந்து அழுதார். "எம் மவனே, மெதுவா எறக்குனியே, எல எறங்குற மாதிரி எறக்குனியே."

உண்மை. அவ்வளவு சின்ன மணல்திட்டைத் தேடி அந்த உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமல் இறக்க அவரால்தான் முடியும்.

செத்த ஆசிரியரின் குலத்தார் தனியே நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் தம்புவின் பெரியப்பா மக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். பைலட் மேல் தவறு என்று ஒரு சொல் வந்தால் போதும், பழிக்குப் பழி தொடங்கிவிடும்.

ஜூலை 3, வியாழன்

வாகி அண்ணன் திரும்பிவிட்டார். தாடி வளர்ந்திருக்கிறது. தன் அம்மாவுக்கு வளர்த்த துக்கத் தாடியைத் தம்புவுக்கும் சேர்த்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு என் அறைக்கு வந்து மூன்று மாத எண்களையும் கேட்டார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றார்.

கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"எஞ்சின் சொல்லாமச் சாகாதுன்னு இருபது வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இது சொல்லாமச் செத்துருக்கு. அப்ப நான் சொன்னது பொய்யா தங்கச்சி? ரெட்டையே நல்லதுன்னு சொன்னவன்தான் சரியா?"

என்னைச் சந்தேகிக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். கடவுளே, அவர் தன்னையே சந்தேகப்படுகிறார், நான் டீ வேணுமான்னு கேக்குறேன்.

ஜூலை 21, திங்கள்

எஞ்சினை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே தகடுகள் பல வாரமாகத் தீய்ந்திருக்கின்றன. ஆனால் எண்களில் ஒன்றும் தெரியவில்லை. எனவே எண்களைப் பார்த்து ஒற்றை எஞ்சினைக் கண்காணிக்கலாம் என்பதை நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அறிக்கை முடியும் வரை எந்த ஒற்றை எஞ்சின் விமானத்திலும் பயணிகளை ஏற்றக் கூடாது, விழுந்ததற்குப் பதிலாக நாங்கள் வாடகைக்கு எடுத்திருப்பதிலும் சரக்கு மட்டும்தான். உத்தரவு வந்துவிட்டது.

மற்றவர்களின் இரட்டை எஞ்சின் எதுவும் யாவிமோவுக்கு வராது. அந்தக் குட்டை ஓடுதளத்தில் இறங்கக்கூடிய ஒன்று எங்களிடம் இருந்தது. அதையும் மார்ச்சில் விற்றாயிற்று.

ஆக, காப்பி மூட்டை ஏறலாம். கர்ப்பிணி ஏறக் கூடாது.

ஆகஸ்ட் 6, புதன்

காலை ரேடியோ. யாவிமோ சுகாதார நிலையத்து நர்ஸ் பேசினாள். பிரசவம் சிக்கலான ஒரு பெண்ணைக் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினார்களாம். இரண்டாவது ஆற்றங்கரையில் முடிந்துவிட்டது. குழந்தையும்.

"அவங்க கெளம்புன அன்னைக்கு ஒங்க வண்டி இங்கதான் நின்னுச்சு" என்றாள். "பாதி காலி. பைலட்டு அழுதாரு. உத்தரவுன்னாரு. எழுதிக்கோங்க, பேரு ஆயிலோ, வயசு இருபத்திரெண்டு."

எழுதினேன். இதையும் மாற்றாமல்தான் எழுதினேன்.

நான் பேசாமல் இருந்தால் குற்றவாளி யார்? ஒற்றை எஞ்சின். ஒன்றுதானே இருந்தது, அதனால்தான் விழுந்தது என்று ஊர் சொல்லும், அரசாங்கமும் சொல்லும். வாகி அண்ணன் அதை நம்பிக்கொண்டே ஓய்வுபெறுவார். அந்தப் பள்ளத்தாக்கு நடந்துகொண்டே இருக்கும். தம்புவின் பெயர் மட்டும் சுத்தமாக இருக்கும். என் பெயரும்.

இரண்டாவது எஞ்சின் இருந்தது. அதை நிறுத்தியது நான்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெரோவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று போனேன். சினா களிமண்ணில் விமானம் செய்து விளையாடிக்கொண்டிருந்தாள். சொன்னேன், எல்லாவற்றையும். மே ஒன்பதாம் தேதியிலிருந்து.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்குச் சந்தையில இதத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமா."

"அப்ப ஏன் முழுசாச் சொல்லல?"

குனிந்து சினாவின் கையிலிருந்த களிமண்ணைத் துடைத்தேன்.

"இப்ப மட்டும் யாருக்குச் சொல்லப் போற? அவரு போயாச்சு. ஆசிரியர் வீட்டுக்காரங்க நாளைக்கே வந்து நிப்பாங்க. ஊட்ட எரிப்பாங்க. எம் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? நீ அவரை ரெண்டாந்தடவ கொல்லப் போற. போ. கொன்னுட்டு வா. ஆனா இங்க வராத."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். களிமண் விமானம் படியில் கிடந்தது. மூக்கில் ஒற்றைக் குச்சி.

ஆகஸ்ட் 9, சனி

வாகி அண்ணனிடம் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் போயிருந்தேன். அவர் மடியிலிருந்த பாக்கை எடுத்து, கடிக்காமல், திரும்ப வைத்தார்.

"அப்ப அது சொல்லித்தான் செத்துச்சு" என்றார்.

"ஆமா அண்ணே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் என்னோடு பேசவில்லை. தங்கச்சி என்று இனிமேல் கூப்பிடமாட்டார் என்று தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விபத்து விசாரணை அதிகாரி தலைநகரிலிருந்து வந்திருக்கிறார், ஒரு பெண். நரைத்த தலை, பூப்போட்ட மேலங்கி. அவருக்கு எதிரில் இந்த நோட்டை வைத்தேன். மே மாதத்திலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 725 என்று இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"இது ஒண்ணுதான் உண்மையான எண்ணு, இல்ல?"

"ஆமாம்மா."

உத்தரவு மாறுமா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் வந்ததே. எஞ்சின் மேல் தப்பில்லை, அது மூன்று வாரத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தது, நாங்கள்தான் எழுதவில்லை என்று தெரிந்தால், யாவிமோவுக்கு மறுபடி ஆட்களை ஏற்ற விடுவார்கள் அல்லவா?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல. ஒத்த எஞ்சினுக்கு ஆள் ஏத்த அனுமதி குடுத்ததே இந்தக் காகிதத்த நம்பித்தான். மெஷின் சரியா இருந்துச்சு, காகிதந்தான் பொய்யின்னு நீங்க சொல்றீங்க. அப்ப எல்லாப் பள்ளத்தாக்குலயும் எல்லாக் காகிதத்தையும் சந்தேகப்படணும். உத்தரவு இன்னும் இறுகத்தான் செய்யும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

அப்படியானால் நான் சொன்னதால் யாருக்கு என்ன? ஆயிலோ போன்றவர்கள் நடப்பார்கள். வெரோவின் வீடு எரியும். வேலை போகும், அது கிடக்கட்டும். ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

நோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கை போனது. அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோவில் வந்த குரல்தான் காதில் இருக்கிறது. தம்பு, எழுதிக்கோ.

கையை இழுத்துக்கொண்டேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இதுல எல்லா எடத்துலயும் தம்பு, தம்புன்னே இருக்கு. ஆவணத்துக்கு ஆகாது. யாருன்னு ஒங்க கையால இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." பிறகு, அவரும் இந்த நாட்டுக்காரர்தானே, பெயர் சொல்லாத முறை தெரியும், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அவர் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

இந்த நோட்டில் தம்பு என்று இருப்பதெல்லாம் கேப்டன் ஒபேத் கிமாகு. யாவிமோ ஊர்க்காரர். என் தங்கை வெரோவின் கணவர். தாளில் பழைய எண்ணை எழுதியது அவர். அதைப் புது எண்ணாக மாற்றி அனுப்பியது நான்.

நோரின் ஒயானா